புதிய டேப்பில் ஒரு வரையாடு

உலாவியில் புதிய டேப் திறந்ததும் வருகிற வெற்றுப் பக்கம் ஊர்ப் புறம்போக்கு மாதிரி. நாளுக்கு இருபது முப்பது தடவை அதன் குறுக்கே நடந்துபோகிறோம், நின்று பார்ப்பதில்லை. அந்த இடத்தில் ஒரு வரையாட்டையோ ஆவுளியா என்ற கடற்பசுவையோ கொண்டுவந்து நிறுத்தும் சின்ன உலாவி நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) எப்படிச் செய்வது என்று பார்க்கலாம். கணக்குக்கு நாற்பது விலங்குகள் என்று வைத்துக்கொள்வோம். எல்லாமே தமிழ்நாட்டுக் காடுகளிலும் மலைகளிலும் கடலிலும் வாழ்பவை. எழுத்து முழுவதும் தமிழில்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நிரல் எழுதுவது ஒரு மாலைப்பொழுது வேலை. விலங்குக்கு ஒன்றாக நாற்பது தகவல் அட்டைகளுக்கான விவரத்தைப் பிழையில்லாமல் திரட்ட இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடுகிற நீட்சியில் படம் அழகாக வந்து விழும், சிங்கவால் குரங்கு என்ற பெயருக்கு மேலே கருமந்தி உட்கார்ந்திருக்கும்.

எந்த வடிவம்?

மூன்று வழிகள் இருக்கின்றன. கருவிப்பட்டையில் ஐகான் வைத்து, சொடுக்கினால் சிறு பெட்டி திறக்கச் செய்யலாம். முதல் வாரத்துக்குப் பிறகு அதை யாரும் சொடுக்க மாட்டார்கள்.

இரண்டாவது வழி கவர்ச்சியானது. படிக்கிற பக்கத்தில் விலங்கின் பெயர் வந்தால் அதற்கு வண்ணம் பூசி, மேலே சுட்டியை வைத்ததும் அதன் நிலையைச் சொல்வது. தமிழில் இதைச் செய்யப் போனால் சிக்கிக்கொள்வீர்கள். ‘யானை’ என்று தேடினால் ‘யானையின்’, ‘யானைகளுக்கு’ எல்லாம் சிக்கும், சரி. கூடவே யானைக்கால் நோயும் சிக்கும். ஆமை வேகத்தில் நடக்கும் மேம்பாலப் பணி, கிரிக்கெட் அணியின் புலிகள், கட்சிக் கொடியில் இருக்கும் விலங்கு, யாரோ விட்ட கரடி எல்லாம் அழிவின் விளிம்பில் நிற்கும். ‘ஆமை’ என்ற எழுத்துத் தொடர் ‘பொறாமை’, ‘கல்லாமை’ இவற்றின் வாலில் ஒலியாக மட்டும் இருப்பதால் தப்பித்தோம்; அங்கே எழுத்து வேறு. போதாக்குறைக்கு இந்த வகை நீட்சிக்கு எல்லாத் தளங்களின் உள்ளடக்கத்தையும் படிக்கவும் மாற்றவும் அனுமதி வேண்டும். நிறுவும்போது உலாவி அந்த எச்சரிக்கையைப் பெரிதாகக் காட்டும். வங்கிக் கணக்கு பார்க்கிற உலாவியில் அந்த அனுமதியைத் தரத் தயங்குபவர்கள் புத்திசாலிகள்.

மூன்றாவது வழி, புதிய டேப். அதற்குத் தளங்களைப் படிக்கும் அனுமதி எதுவும் வேண்டாம். நீட்சிக்குள்ளேயே படங்களையும் தகவலையும் வைத்துவிட்டால் இணையம் இல்லாமலும் வேலை செய்யும். இதையே எடுத்துக்கொள்வோம். ஒரு குறை உண்டு, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கைபேசிக் குரோமில் நீட்சிகளே கிடையாது. ஃபயர்ஃபாக்ஸின் ஆண்ட்ராய்டு பதிப்பில் நீட்சிகள் உண்டு, புதிய டேப்பை மாற்றும் வசதி இல்லை. ஆக, மேசைக் கணினியும் மடிக்கணினியும் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே இது போய்ச்சேரும்.

கோப்புகள்

ஒரு ஃபோல்டர். அதற்குள் மேனிஃபெஸ்ட் என்ற ஜேசன் (தகவலைப் பெயரும் மதிப்புமாக எழுதிவைக்கும் வடிவம்) கோப்பு, பக்கத்துக்கான எச்டிஎம்எல், அதன் சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், அட்டைகளின் தகவல் அடங்கிய இன்னொரு ஜேசன், படங்கள், எழுத்துரு, ஐகான்கள். அவ்வளவுதான். (சாவிப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கோப்பில் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்.)

மேனிஃபெஸ்ட் கோப்பில் ‘மேனிஃபெஸ்ட்_வெர்ஷன்’ என்பதற்கு மதிப்பு 3. பெயர், பதிப்பு எண், விளக்கம் மூன்றும் வேண்டும். ஐகான்கள் 16, 48, 128 பிக்சல் அளவுகளில். ‘குரோம்_யுஆர்எல்_ஓவர்ரைட்ஸ்’ என்ற சாவிக்குள் ‘நியூடேப்’ என்று போட்டு, அதற்கு எதிரே எச்டிஎம்எல் கோப்பின் பெயர். அனுமதிப் பட்டியலில் ‘ஸ்டோரேஜ்’ மட்டும். பயனர் விருப்பம் எதையும் சேமிக்கப் போவதில்லை என்றால் அதுவும் வேண்டாம். பின்னணியில் ஓடும் சர்வீஸ் வொர்க்கர் இதற்குத் தேவையே இல்லை. மாதிரி நிரலில் இருக்கிறதே என்று அதையும் ஒட்டிவைப்பவர்கள் பின்பு அது அரை நிமிடம் சும்மா இருந்தாலே உறங்கிப்போவதைப் பார்த்துக் குழம்புவார்கள்.

சோதிக்க: முகவரிப் பட்டையில் குரோம் எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்தைத் திறந்து, வலது மேல் மூலையில் டெவலப்பர் மோடை இயக்கி, ‘லோட் அன்பேக்ட்’ அழுத்தி ஃபோல்டரைக் காட்டுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் அபௌட் டீபக்கிங் பக்கம் வழியாகத் தற்காலிகமாக ஏற்றலாம். உலாவியை மூடித் திறந்தால் அது போய்விடும், பதற வேண்டாம்.

முதல் ஏற்றத்திலேயே உடைகிற இடங்கள் இவை. எச்டிஎம்எல்லுக்குள் நேராக ஸ்கிரிப்ட் எழுதினாலோ பொத்தானில் ‘ஆன்கிளிக்’ வைத்தாலோ ஓடாது. நீட்சிப் பக்கங்களின் பாதுகாப்பு விதி அதைத் தடுக்கும். எல்லா நிரலும் தனிக் கோப்பில் இருக்க வேண்டும். தகவல் ஜேசனில் கடைசி அட்டைக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி மிஞ்சியிருந்தால் முழுப் பக்கமும் வெள்ளை. படத்தின் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறியிருந்தால் விண்டோஸில் ஓடிவிடும், லினக்ஸ் வைத்திருப்பவருக்குப் படம் வராது. கோப்புப் பெயர்கள் எல்லாம் சின்ன எழுத்தில் என்று முதல் நாளே முடிவுசெய்துவிடுங்கள்.

மறைநிலைச் சாளரத்தில் இந்தப் பக்கம் வராது, அது குரோமின் விதி. புதிய டேப்பை மாற்றும் வேறொரு நீட்சி ஏற்கெனவே இருந்தால் கடைசியாக நிறுவியதே வெல்லும். டேப் திறந்ததும் தட்டச்சுக் குறி முகவரிப் பட்டையில்தான் நிற்கும். அதைப் பறிக்க முயலாதீர்கள், முடியாது. பக்கத்துக்குள் இணையத் தேடல் பெட்டி வைக்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள். ஒரு நீட்சிக்கு ஒரே நோக்கம் என்பது நீட்சிகளை வெளியிடும் குரோம் கடையின் கொள்கை, தேடலில் கைவைத்தால் பரிசீலனையில் கேள்வி வரும்.

எந்த விலங்கு, எப்போது?

எல்லோரும் முதலில் எழுதுவது, ஒவ்வொரு டேப்புக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பது. நாற்பதில் அப்படி எடுத்தால் எட்டு டேப் திறப்பதற்குள் ஏதாவது ஒரு விலங்கு இரண்டாம் முறை வந்துவிடும் வாய்ப்பு பாதிக்கு மேல், ஏறக்குறைய 53 விழுக்காடு. ‘இதில் பத்து விலங்குதான் இருக்கிறது போல’ என்று பயனருக்குத் தோன்றிவிடும். சீட்டுக்கட்டு போல ஒருமுறை கலைத்து, வரிசையைச் சேமித்து, ஒவ்வொன்றாக எடுத்தால் இது தீரும்.

ஆனால் டேப்புக்கு ஒரு விலங்கு என்பதே எனக்கு உடன்பாடில்லை. மணிக்கு நாலு முகம் மாறினால் எதுவும் மனதில் தங்காது, சுவரொட்டி ஒட்டிய சுவராகிவிடும். நாளுக்கு ஒன்று போதும். படம் அன்று முழுவதும் அதுவே. அதன் கீழே வரும் ஒரு வரி மட்டும் டேப்புக்கு டேப் மாறட்டும்: எங்கே வாழ்கிறது, எது அச்சுறுத்துகிறது, நம்மால் என்ன ஆகும். இப்படிச் செய்தால் இன்னொரு லாபமும் உண்டு. எல்லாப் பயனருக்கும் ஒரே நாளில் ஒரே விலங்கு வரும். பக்கத்து மேசைக்காரரிடம் ‘இன்றைக்கு அலங்கு பார்த்தாயா’ என்று கேட்கலாம்.

கணக்கு எளிது. உள்ளூர்த் தேதியின் ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் எடுத்து நாள் எண்ணாக்கி, நாற்பதால் வகுத்தால் மீதி வருவதே இன்றைய அட்டை. இங்கே தவறாமல் நிகழும் பிழை ஒன்று உண்டு. தேதியை ஐஎஸ்ஓ வடிவச் சரமாக மாற்றி அதன் முதல் பத்து எழுத்தை எடுப்பார்கள். அந்தச் சரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். அதனால் நம் ஊரில் விலங்கு நள்ளிரவில் மாறாமல் காலை 5:30-க்கு மாறும். பகலில் சோதித்துப் பார்ப்பவர் கண்ணில் இது படவே படாது.

அட்டையில் ‘மாதங்கள்’ என்றொரு புலம் சேர்த்தால் பருவத்தோடு பொருத்தலாம். பங்குனி ஆமை சென்னைக் கரைக்கு முட்டையிட வருவது பெரும்பாலும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. அந்த மாதங்களில் ‘கடற்கரையில் இரவு விளக்கு வேண்டாம்’ என்று சொன்னால் பயன் உண்டு, ஆகஸ்டில் சொல்லி என்ன செய்வது?

அட்டை

ஒவ்வொரு அட்டைக்கும் புலங்கள்: அறிவியல் பெயர், தமிழ்ப் பெயர், பிற வழக்குகள், செம்பட்டியல் (உயிரினங்களின் அழிவு அபாயத்தை மதிப்பிடும் உலகப் பட்டியல்) நிலை, அந்த மதிப்பீடு வந்த ஆண்டு, நீங்கள் கடைசியாகச் சரிபார்த்த தேதி, வாழிடம், முதன்மை அச்சுறுத்தல், செய்யக்கூடிய ஒன்று, படக்கோப்பு, படம் எடுத்தவர், உரிமம், மூல இணைப்பு. பார்க்க நீளமாகத் தெரியும், எதையும் விட முடியாது.

அறிவியல் பெயரே சாவி. தமிழ்ப் பெயரை நம்பித் தகவல் திரட்டினால் வழுக்கிவிடும். சோலைமந்தி என்பது சிங்கவால் குரங்கு. நீலகிரி மந்தி என்றும் கருமந்தி என்றும் சொல்வது வேறொரு விலங்கு, முகத்தைச் சுற்றிச் சாம்பல் பிடரி இல்லாத லங்கூர் வகைக் குரங்கு. முன்னது செம்பட்டியலில் அருகிய இனம், பின்னது அதற்கு ஒரு படி கீழே. எறும்புத்தின்னி என்று நாம் சொல்வது அலங்கு. அந்தப் பெயருக்கு உரிய வேறொரு குடும்பம் தென்னமெரிக்காவில் இருக்கிறது, படம் தேடினால் அதுதான் முதலில் வரும். பிணந்தின்னிக் கழுகு என்று ஊர் சொல்வதைப் பறவை பார்ப்பவர்கள் பாறு என்கிறார்கள். வெண்முதுகுப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு என்று பிரித்துச் சொல்ல அதுவே வசதி, கழுகோடு குழப்பமும் வராது. ஆவுளியா என்ற பெயரைப் பாக் விரிகுடாக் கரை மீனவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டு, கடற்பசுவைப் பிற வழக்காகப் போடலாம்.

அடுத்து நிலை. ஐயுசிஎன் என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியல் 1964-இல் தொடங்கியது. அதில் ஒன்பது நிலைகள் உண்டு. தமிழ் விக்கிப்பீடியா அவற்றுக்குச் சொற்கள் ஆக்கி வைத்திருக்கிறது: அழிவாய்ப்பு இனம், அருகிய இனம், மிக அருகிய இனம், இயலிடத்தில் அற்றுவிட்ட இனம் என்று. நல்ல சொற்கள்தான். ஆனால் ‘அருகிய’ என்பதை ‘அருகில் உள்ள’ என்று வாசிப்பவர் ஏராளம். அருகுதல் என்றால் குறைதல் என்பது பேச்சில் மங்கிவிட்டது. ஆகவே அட்டையில் ‘அழிவு அபாயம்: மிக அதிகம்’ என்பதுபோல் பெரிய எழுத்திலும், கலைச்சொல்லைச் சிறிய எழுத்திலும் போடுவதே என் வழி. இந்த வார்த்தையைக் கண்டபடி நீட்டவும் கூடாது. அழிவுக்கு உள்ளாகக்கூடியவை என்று செம்பட்டியல் கணக்கில் எடுப்பது அழிவாய்ப்பு, அருகிய, மிக அருகிய என்ற மூன்று நிலைகளைத்தான். தேவாங்கு அவற்றுக்கு ஒரு படி வெளியே, அச்சுறு நிலையை அண்மித்த இனமாக இருக்கிறது. அதற்காக 2022-இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்ச் சரணாலயம் 11,806 ஹெக்டேரில் அறிவிக்கப்பட்டது. இரண்டும் உண்மை, இரண்டையும் அப்படியே சொல்லலாம்.

எண்களைப் போட்டால் ஆண்டோடு போடுங்கள். தமிழ்நாட்டின் வரையாட்டுக் கணக்கெடுப்பில் 2024-இல் 1,031, 2025-இல் 1,303. ஒரே ஆண்டில் 272 குட்டி என்று யாராவது கூட்டிக்கொள்வார்கள். இரண்டாம் முறை கணக்கெடுத்த பகுதிகளும் கூடின என்பதை அதே வரியில் சேர்க்காவிட்டால் அந்த எண் பொய் சொல்லும். வெறுமனே ‘சுமார் 2,500 மட்டுமே’ என்று ஆண்டும் இடமும் இல்லாமல் மிதக்கிற எண்களைத் தூக்கி எறியுங்கள்.

நிலைகள் மாறும். 2025 அக்டோபரில் பச்சை ஆமை அருகிய இனத்திலிருந்து கவலை குறைந்த இனத்துக்கு இறக்கப்பட்டது. பல பத்தாண்டுக் காப்பு வேலையின் பலன். பழைய அட்டைகள் இன்னமும் அதை அழிவின் விளிம்பில் என்று காட்டிக்கொண்டிருக்கும். அதே கடலில் அழுங்காமை மிக அருகிய இனமாகவே நீடிக்கிறது. ‘கடலாமை’ என்று பொத்தாம்பொதுவாக ஓர் அட்டை வைத்தால் இரண்டில் ஒன்று தவறாகும். ஆவுளியாவில் இன்னொரு நுணுக்கம்: உலக அளவில் அது அழிவாய்ப்பு இனம், கிழக்கு ஆப்பிரிக்கக் கூட்டமும் நியூ கலிடோனியக் கூட்டமும் 2022-இல் தனித்தனியாக, அதைவிட மோசமான நிலைகளில் பட்டியலிடப்பட்டன. உலக நிலை என்பது நம் கரையின் நிலை இல்லை. பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாக் காப்பகமாக 2022-இல் ஏன் அறிவித்தார்கள் என்பதை இதோடு சேர்த்துப் படித்தால்தான் விளங்கும்.

தகவலை எங்கிருந்து எடுப்பது? செம்பட்டியலுக்கு ஏபிஐ (நிரல் வழியாகத் தகவல் கேட்கும் வழி) உண்டு, பதிவுசெய்தால் டோக்கன் என்ற அனுமதிச் சாவி தருவார்கள். அந்த டோக்கனை நீட்சிக்குள் வைக்கக் கூடாது. நீட்சி என்பது வெறும் ஜிப் கோப்பு, யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாம். உங்கள் கணினியில் ஒருமுறை ஓட்டி, நிலையையும் ஆண்டையும் அட்டைக்குள் எழுதிக்கொள்ளுங்கள். செம்பட்டியலின் விளக்கப் பத்திகளையும் பரவல் வரைபடங்களையும் அள்ளிப் போடுவதற்கு அவர்களின் நிபந்தனைகள் இடம் தருவதில்லை. உங்கள் சொந்த வரியை எழுதி, இனத்தின் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்துவிடுங்கள். விக்கிப்பீடியாவின் உடன்திட்டமான விக்கித்தரவில் பாதுகாப்பு நிலைக்கு பி141 என்ற பண்பு உண்டு. நாற்பதையும் ஒரே வினவலில் இழுக்கலாம், உரிமச் சிக்கலும் இல்லை. ஆனால் அது பின்தங்கியிருக்கும். முதல் பட்டியல் தயாரிக்க வைத்துக்கொள்ளலாம், முடிவாக நம்பக் கூடாது.

‘செய்யக்கூடிய ஒன்று’ என்ற புலத்தில்தான் பெரும்பாலான அட்டைகள் சோர்ந்துவிடும். ‘இயற்கையைக் காப்போம்’ என்று எழுதுவதற்கு அந்த இடத்தைக் காலியாகவே விடலாம். பாறுக்கு எழுதக்கூடியது துல்லியமானது: கால்நடைக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் வலிநிவாரணி செத்த மாட்டின் உடலில் தங்கி, அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. கால்நடைகளுக்கு அதை இந்தியா 2006-இல் தடைசெய்தது. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டும் 2023-இல் தடையாயின. பாறுகளைக் கொல்லாத மாற்று மருந்து மெலோக்சிகாம். ‘மாட்டுக்கு ஊசி போடும்போது மெலோக்சிகாம் கேளுங்கள்’ என்ற ஒரு வரி, கோவையில் கணினி முன் உட்கார்ந்திருப்பவர் மூலம் ஊரில் மாடு வைத்திருக்கும் சித்தப்பாவுக்குப் போகும். வரையாட்டுக்கு: ஆழியாறு–வால்பாறை மலைப்பாதையில் வண்டியை நிறுத்தி முறுக்கு போடாதீர்கள். நட்சத்திர ஆமைக்கு: வீட்டில் வளர்ப்பது குற்றம், ராசி எதுவும் வராது.

இடத்தை மறையுங்கள்

வாழிடத்தை மாவட்டம், மலைத்தொடர் அளவில் நிறுத்துங்கள். பாறுகளின் கூடு இருக்கும் மரம், அரிய சிலந்தி கிடைக்கும் காட்டு வளைவு, இவை வரைபடப் புள்ளியாக வரவே கூடாது. தெற்குச் சீனத்தின் குகைப் பல்லி ஒன்று 1999-இல் அறிவியலுக்கு அறிமுகமானதும், கட்டுரையில் இருந்த இடக்குறிப்பே பிடிப்பவர்களுக்கு வழிகாட்டியாகி, முதலில் கண்ட இடத்திலிருந்தே அது துடைக்கப்பட்டது. உயிரினங்களைக் கண்ட பதிவுகளைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளம் அச்சுறுத்தலில் இருக்கும் இனங்களின் இடத்தைத் தானாகவே 0.2 பாகைச் சதுரத்துக்குள் மங்கலாக்கிக் காட்டுவது இதனால்தான். உங்கள் படத்துக்குள் ஒளிந்திருக்கும் ஜிபிஎஸ் தரவையும் அழித்துவிடுங்கள். வெப்பி என்ற பட வடிவுக்கு மாற்றும்போது அது தானாகப் போகும் என்று நம்பாமல், ஒருமுறை திறந்து பாருங்கள்.

படம்

விக்கிமீடியா காமன்ஸிலும் ஐநேச்சுரலிஸ்டிலும் தேடலாம். உரிமம் சிசி-பை (கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் ஒன்று) என்றால் எடுத்தவர் பெயர், உரிமம், இணைப்பு, வெட்டியிருந்தால் வெட்டினோம் என்ற குறிப்பு. சிசி-பை-எஸ்ஏ என்றால் வெட்டிய படமும் அதே உரிமத்தில் இருக்கும். என்டி என்று முடியும் உரிமத்தில் வெட்டி மாற்றி வெளியிட இடமில்லை, விட்டுவிடுங்கள். என்சி என்று இருந்தால் வணிகப் பயன் கூடாது. ஐநேச்சுரலிஸ்டில் பெரும்பாலான படங்கள் இந்த வகை. பின்னாளில் நன்கொடைப் பொத்தான் வைக்கும் எண்ணம் துளி இருந்தாலும் முதலிலேயே தவிர்ப்பது நல்லது.

மனிதக் கை தெரியும் படம் வேண்டாம். தேவாங்கை உள்ளங்கையில் வைத்த படம் ‘எவ்வளவு அழகு, எங்கே கிடைக்கும்’ என்றுதான் கேட்க வைக்கும். அதன் உறவான மெதுதேவாங்கைக் கிச்சுக்கிச்சு மூட்டும் காணொளி உலகம் முழுக்க ஓடியது. கையைத் தூக்கி அது ரசித்ததாக எல்லோரும் நினைத்தார்கள், உண்மையில் முழங்கைக்கருகில் இருக்கும் நச்சுச் சுரப்பியை எட்டுவதற்கான தற்காப்பு நிலை அது. கூட்டில் குஞ்சோடு இருக்கும் பறவைப் படங்களும் வேண்டாம்.

1,600 பிக்சல் அகலம், வெப்பி, தரம் 75 என்று வைத்தால் ஒரு படம் சுமார் 200 கிலோபைட். நாற்பதும் சேர்ந்து 8 மெகாபைட் சொச்சம். இதை நீட்சிக்குள்ளேயே வைக்கலாம். ஒவ்வொரு டேப்புக்கும் வெளித் தளத்திலிருந்து படத்தை இழுத்தால் வேகமும் போகும், பயனர் எப்போதெல்லாம் டேப் திறக்கிறார் என்ற தடமும் அந்தத் தளத்தில் பதியும்.

முழுத்திரைக்குப் படத்தை விரித்தால் அகலத் திரைகளில் தலை வெட்டுப்படும். வரையாட்டின் கொம்புதான் முதலில் போகும். ஒவ்வொரு அட்டையிலும் படத்தின் முக்கிய இடத்தை விழுக்காட்டில் குறித்துவைத்து, சிஎஸ்எஸ்ஸின் ஆப்ஜெக்ட்-பொசிஷனுக்குக் கொடுங்கள். படத்தின் முதன்மை நிறத்தையும் குறித்துப் பின்னணிக்குப் போட்டால், ஏற்றும் கணத்தில் வெள்ளை மின்னல் அடிக்காது. எழுத்துக்கும் பின்னணிக்கும் மாறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும். வானத்தின் மேல் வெள்ளை எழுத்து வைத்தால் தேறாது, கீழே கருஞ்சாயல் ஒன்று பூசுங்கள். அபாய நிலையை நிறத்தால் மட்டும் காட்டாதீர்கள், சொல்லும் வேண்டும்.

தமிழ் எழுத்து செய்யும் குறும்புகள்

நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை வோஃப்2 வடிவில் உடன் வைக்கலாம், அதன் திறந்த உரிமம் அனுமதிக்கிறது. வரி இடைவெளி 1.6-க்குக் குறைந்தால் மேல்வரியின் ‘கூ’வும் கீழ்வரியின் ‘கி’யும் முட்டும். இருபுறமும் சமப்படுத்தாதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளம், நடுவே ஆறு ஓடும்.

நீண்ட வரியை வெட்டி மூன்று புள்ளி வைக்கும் நிரல் ஆங்கிலத்துக்கு எழுதியது. ‘வரையாடு’ நமக்கு நாலு எழுத்து, ஜாவாஸ்கிரிப்டுக்கு ஏழு. மூன்றில் வெட்டினால் தற்செயலாகச் சரியாக வரும், நாலில் வெட்டினால் ‘வரைய’ என்று பொருளே மாறி நிற்கும். ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கும் இன்ட்ல் செக்மென்டர் கொண்டு எழுத்தெழுத்தாகப் பிரியுங்கள். குரோமில் வெகுநாளாக இருக்கிறது, ஃபயர்ஃபாக்ஸில் 125-ஆம் பதிப்பிலிருந்து. அதுவும் ‘க்ஷ’வை இரண்டாகப் பிரிக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அட்டைகளுக்குள் மட்டும் தேடும் வசதி வைத்தால் இன்னொன்று. ‘கொ’வில் இருக்கும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் தட்டலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் தட்டலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. தகவலையும் தேடல் சொல்லையும் என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் முறை) முறையில் நார்மலைஸ் செய்துவிட்டு ஒப்பிடுங்கள்.

கடையில் வைப்பது

குரோம் வெப் ஸ்டோரில் வெளியீட்டாளராகப் பதிய ஒருமுறைக் கட்டணம் 5 டாலர், கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம். ஃபயர்ஃபாக்ஸிலும் எட்ஜிலும் கட்டணம் இல்லை. ஃபயர்ஃபாக்ஸுக்கு மட்டும் மேனிஃபெஸ்டில் கெக்கோ அடையாளம் ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஜிப் செய்யும்போது ஃபோல்டரை ஜிப் செய்யாதீர்கள், அதற்குள் இருக்கும் கோப்புகளைத் தேர்ந்து ஜிப் செய்யுங்கள். மேனிஃபெஸ்ட் மேல் மட்டத்தில் இல்லாவிட்டால் ஏற்றும்போதே திரும்பிவிடும். திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) 1280-க்கு 800, சிறு விளம்பரப் படம் 440-க்கு 280. விளக்க வரிக்கு 132 குறிகள் வரை இடம். தமிழில் உயிர்மெய்யின் குறிகளும் புள்ளிகளும் தனித்தனியாக எண்ணப்படுவதால் எழுபது எண்பது எழுத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். எந்த அமைப்பின் சின்னத்தையும் ஐகானில் வைக்காதீர்கள், உலக இயற்கை நிதியத்தின் பாண்டா உட்பட.

வெளியிட்ட பிறகு நிலை மாறினால் ஒவ்வொரு முறையும் புதிய பதிப்பு ஏற்றலாம், பதிப்பு எண் கூடியிருக்க வேண்டும். அல்லது தகவல் ஜேசனை மட்டும் ஒரு நிலையான தளத்தில் வைத்து, வாரம் ஒருமுறை டேப் திறக்கும்போது எடுத்துச் சேமிக்கலாம். வெளியிலிருந்து தகவல் எடுப்பதைக் கொள்கை தடுக்கவில்லை, நிரல் எடுப்பதைத்தான் தடுக்கிறது. அப்படி வந்த தகவலை இன்னர்எச்டிஎம்எல் வழியாகப் பக்கத்தில் கொட்டாதீர்கள், டெக்ஸ்ட்கன்டென்ட் போதும். தனியுரிமைப் பக்கத்தில் இந்த வாராந்தர இணைப்பையும் எழுதிவிடுங்கள்.

ஆர்வம் வடிந்துபோகும் நாளுக்கும் முன்கூட்டியே ஒரு வழி செய்துவைக்கலாம். அட்டையின் ‘சரிபார்த்த தேதி’ பதினெட்டு மாதத்தைத் தாண்டினால், நிரல் தானாகவே அபாய நிலையை மறைத்துவிட்டு ‘இந்தத் தகவல் பழையது’ என்ற வரியையும் செம்பட்டியல் இணைப்பையும் மட்டும் காட்டட்டும். ஐந்து வரி நிரல். அதற்குப் பிறகு நீங்கள் நீட்சியைக் கைவிட்டாலும் அதில் வரையாடு நிற்கும், தவறான நிலை நிற்காது.